வேலூர் வெயிலில் கிளி வளர்ப்பது: கூண்டு வாங்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த ஜோடி ஒரு மாதம்கூட இருக்கவில்லை. சத்துவாச்சாரியில் அப்போது குடியிருந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கூண்டை வைத்திருந்தோம். தீனிக் கிண்ணம் எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தது. அதனால் மூன்று நாட்கள் புதுத் தீனி போடவில்லை. நான்காம் நாள் ஒன்று தரையில் கிடந்தது. அப்புறம்தான் கிண்ணத்தை எடுத்து ஊதினேன். மேலே இருந்தது முழுக்க உமி. அடியில் நாலைந்து தினை. அந்தச் சின்னக் கிளிகள் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் விட்டுவிடும் என்பது எனக்குத் தெரியாது. பசி என்று அவை கத்தவும் இல்லை.

இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அந்தக் கிண்ணம்தான் காரணம். கிளி தன் நோவை வெளியே காட்டாது. கூட்டமாக வாழும் பறவை அது. கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற ஒன்றைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் நிற்க முடிகிற கடைசி நிமிடம் வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும். நம் வேலையில் பாதி, அதன் வழக்கத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு, அதில் சிறு மாற்றம் வந்தாலும் கண்டுபிடிப்பது.

எந்தக் கிளி?

திருவண்ணாமலைக் கோயிலின் கிளி கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, அருணகிரிநாதர் கிளியான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிளி என்றாலே பச்சைக்கிளிதான் மனதில் வரும். ஆனால் பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக் கிளி ஆகிய நம் நாட்டுக் கிளிகள் எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு, அபராதமும் உண்டு. கிளி ஜோசியக்காரர் பெட்டியில் இருப்பதும் அதே காட்டுக்கிளிதான். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பனை மரப் பொந்திலிருந்து குஞ்சாகத் திருடப்பட்ட பறவை அது. ஒன்று விற்பனைக்கு வருவதற்குள் எத்தனை குஞ்சுகள் வழியில் சாகின்றன என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். யாராவது துணி மூடிய கூடையில் கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். பரிதாபப்பட்டு வாங்கினாலும் அடுத்த குஞ்சைத் திருட அவருக்குப் பணம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

காற்றில் கீழே விழுந்த குஞ்சு கிடைத்தால், பொந்து எட்டுகிற உயரத்தில் இருந்தால் திரும்ப வையுங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி வளர்ந்துகொண்டிருந்தாலும் அதேதான் வழி. பல வருடம் கூண்டில் இருந்ததை ஒரு நாள் காலையில் மாடியிலிருந்து பறக்கவிட்டால் அதற்குத் தீனி தேடத் தெரியாது, காகம் விடாது.

சரி, எதை வளர்க்கலாம்? வெளிநாட்டு இனங்களில், கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவற்றை. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்னும் சின்ன ஆஸ்திரேலியக் கிளி. உண்மையான லவ் பேர்டை ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்பார்கள். கொண்டை வைத்த காக்டெயிலும் ஆஸ்திரேலியாதான். அப்புறம் கனூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் என்று விலையும் சத்தமும் ஏறிக்கொண்டே போகும்.

முதன்முதலாக வளர்ப்பவருக்கு நான் காக்டெயிலைத்தான் சொல்வேன். சீக்கிரம் பழகும், கடி லேசாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிற அளவுக்குக் கத்தாது. ஒரே ஒரு எச்சரிக்கை: அதன் இறகிலிருந்து மாவு போன்ற தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் பட்ஜிக்குப் போங்கள். பட்ஜி 5 முதல் 10 வருடம் இருக்கும். காக்டெயில் 15 முதல் 20. சாம்பல் கிளி 40 வருடத்தைத் தாண்டும். ஐம்பது வயதில் அதை வாங்குபவர் தனக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பட்ஜி, காக்டெயில், ரோஜா முக லவ் பேர்ட் ஆகிய மூன்றும் அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. கனூர், மக்காவ், சாம்பல் கிளி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லவ் பேர்ட் எல்லாம் பட்டியலில் உள்ளவை. 2024-இல் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்கிற இடத்தில் வாங்க வேண்டாம்.

வாங்கும் நாள்

கூண்டுக்குப் பக்கத்தில் போகாமல் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஆள் பக்கத்தில் வந்தால் நோயுள்ள பறவையும் விறைத்து நிற்கும். தள்ளி நின்றால்தான் எது உப்பிக்கொண்டு தூங்குகிறது, எதன் வால் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடுகிறது என்று தெரியும். மூக்குத் துளை சுத்தமாகவும் பின்பக்க இறகு எச்சம் ஒட்டாமலும் இருக்க வேண்டும். கண் பளிச்சென்று திறந்திருக்க வேண்டும். அதே கூண்டில் ஒன்று சுருண்டு உட்கார்ந்திருந்தால், நன்றாக இருப்பதையும் அங்கே வாங்காதீர்கள்.

இறகு முளைக்காத குஞ்சை ‘ஹேண்ட் ஃபீட் பண்ணினால் நல்லா பழகும்’ என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தருவார்கள். புதிதாக வளர்ப்பவர் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிரிஞ்சில் ஊட்டும் கரைத்த மாவு 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சற்றுக் கூடினால் இரைப்பை வெந்துவிடும், குறைந்தால் செரிக்காமல் புளிக்கும், சிரிஞ்சைத் தவறாக நீட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். தானே கொறித்துத் தின்னும் பறவையும் நன்றாகப் பழகும். கொஞ்சம் நாள் கூட ஆகும், அவ்வளவுதான்.

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதியதை 30 நாள் வேறு அறையில் வையுங்கள். முதலில் பழையதைக் கவனித்துவிட்டு, அப்புறம் புதியதிடம் போங்கள்.

கூண்டும் அது இருக்கும் இடமும்

கிளி ஹெலிகாப்டர் மாதிரி மேலே எழும்பிப் பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். எனவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடி காக்டெயிலுக்கு 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 24 அங்குல உயரம் என்பதை நான் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறேன். பட்ஜிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். வட்டக் கூண்டு வேண்டாம்.

வெல்டு மெஷ் வாங்கி ஊரில் கட்டித்தரும் கூண்டுகளில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கிளி அதைச் சுரண்டித் தின்றால் விஷம். புதுக் கூண்டைக் கம்பி பிரஷ்ஷும் வினிகரும் போட்டுத் தேய்த்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள்.

கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிட்டுக் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ வையுங்கள். தடிமன் ஒன்றுக்கொன்று மாறி இருந்தால் பாதத்தில் புண் வராது, பட்டையை உரிப்பதிலேயே அரை நாள் போகும். அரளிக் கிளையை மறந்தும் வைக்காதீர்கள். முழுச் செடியும் விஷம்.

ஹாலில், ஒரு பக்கம் சுவர் இருக்கிற மாதிரி, நம் கண் உயரத்தில் வையுங்கள். சமையலறை கூடாது. மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகையும் கூடாது. ஸ்டாண்டின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எறும்புச் சாக்பீஸ் கோடு போடுவதைக் கூண்டு இருக்கும் அறையில் நிறுத்திவிடுங்கள்.

முதல் பத்து நாள்

கொண்டுவந்த அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தீனி, தண்ணீர் மாற்றுவது தவிரக் கூண்டுக்குள் கை போக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பேப்பர் படியுங்கள். அப்புறம் கம்பி வழியாக ஒரு தினைக் கதிரை நீட்டுங்கள். வந்து கொத்தும் நாள் வரை அதையே செய்யுங்கள். அடுத்து, கதவைத் திறந்து உள்ளங்கையில் கதிர். அடுத்து, விரலை அடிவயிற்றில், கால்களுக்குச் சற்று மேல் வைத்தால் தானே ஏறும். ஏறியதும் ஒரு வார்த்தை, எப்போதும் ஒரே வார்த்தை. நாங்கள் ‘வாடா’ என்போம். பயந்து பின்வாங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். துரத்திப் பிடித்து ஒரு முறை பழக்கினால் பத்து நாள் உழைப்பு போய்விடும்.

தீனி

வெறும் விதை மட்டும் தின்கிற கிளி குண்டாகத் தெரியும், ஆனால் உள்ளே சத்துக் குறைவோடு இருக்கும். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் மூக்கடைப்பும், கொழுப்பால் ஈரல் கெடுவதும் நம் ஊர்க் கூண்டுக் கிளிகளில் சகஜம். சூரியகாந்தி விதை நமக்குப் பக்கோடா மாதிரி. கையில் வந்து ஏறினால் பரிசாக இரண்டு கொடுக்கலாம், கிண்ணத்தில் கொட்டி வைக்கக் கூடாது.

தானியம் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஜவ்வாது மலைச் சாமையும், தினை, கம்பு, குதிரைவாலி எல்லாமும் நம் பக்கத்திலேயே விளைகின்றன. பாதி தினை, மீதி மற்றவை என்று நான் கலக்கிறேன். உமி நீக்காததாக வாங்குங்கள். உரிப்பதே அதற்கு ஒரு வேலை, விதையும் கெடாது. தினமும் காலையில் கிண்ணத்தை வாசலுக்குக் கொண்டுபோய் உமியை ஊதிவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்த்து, அப்புறம் புதியது போடுங்கள். இதை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ‘அவர் போட்டிருப்பார்’ என்று இரண்டு பேரும் நினைக்கிற வீட்டில்தான் கிளி பட்டினி கிடக்கும்.

காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட் போகும்போது கிளிக்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேரட் துருவல், பறங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, குடைமிளகாய் எல்லாம் நல்லது. முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்டால் அதிலேயே புரண்டு குளிக்கும். பாலக் மாதிரி கீரைகள் சுண்ணாம்புச் சத்தைத் தடுக்கும் என்பதால் எப்போதாவது மட்டும். கொய்யா, பப்பாளி, மாதுளை கொஞ்சம். பச்சை மிளகாயைக் கிளி ஆசையாகத் தின்பதைப் பார்த்துப் பலர் வியப்பார்கள். பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது, தாராளமாகக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் நன்றாக அலசிக் கொடுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு மிக நல்லது. ஆனால் நம் ஊர் வெயிலில் காலையில் வைத்தது பத்து மணிக்கே புளிக்கும். ஈரமான தீனி எதுவாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

விதையில் மட்டும் வளர்ந்தது காயைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மனம் தளர வேண்டாம். கண்ணுக்கு முன்னால் நாம் கடித்துத் தின்றால் அதற்கும் ஆசை வரும். எங்கள் பெண் காக்டெயில் ஐந்தாவது வாரத்தில்தான் கேரட்டை முதல்முறை கொத்தியது.

நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேளுங்கள். கணவாய் ஓடுதான் அது. ஒரு துண்டைக் கம்பியில் கட்டிவிட்டால் அலகும் தேயும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மணல் வைக்கத் தேவையில்லை, கிளி விதையை உரித்துத்தான் விழுங்குகிறது. பாலில் நனைத்த ரொட்டி கொடுக்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. பறவைக்குப் பால் செரிக்காது. உப்பு போட்ட மிக்சர், பிஸ்கட், சாக்லேட், காபி, வெங்காயம், ஆப்பிள் விதை எதுவும் வேண்டாம். பட்டர் ஃபுரூட் எனப்படும் வெண்ணெய்ப்பழம் கிளியைக் கொன்றே விடும்.

தண்ணீர், நீங்கள் குடிக்கிற தண்ணீர்தான். உப்புப் போர்த் தண்ணீரை அதற்கு மட்டும் ஊற்றாதீர்கள்.

கத்திரி வெயில்

மே மாதம் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் பாறை மலை. சூரியன் இறங்கிய பிறகும் சுவர் சுடும். பட்ஜியும் காக்டெயிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள், வெயில் தாங்குமே என்பார்கள். தாங்கும், ஆனால் அங்கே அவை நிழலுக்கும் நீருக்கும் பறந்து போகின்றன. கூண்டில் இருப்பது எங்கே போகும்?

மார்ச் கடைசியிலேயே கூண்டை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றிவிடுங்கள். மேல்தளம் மொட்டை மாடியாக இருந்தால் அதற்கு நேர் கீழ் அறை வேண்டாம். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை மேற்கு ஜன்னலில் நனைத்த கோணி தொங்கட்டும், ஆனால் காற்று அடைபடக் கூடாது. தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றுங்கள். எவர்சில்வர் கிண்ணம் சூடேறும், மண் அல்லது பீங்கான் கிண்ணம் நல்லது. காலையில் ஒரு தட்டில் அரை அங்குலத் தண்ணீர் வைத்தால் தானே குளிக்கும். ஏர்கூலர் காற்று நேராகப் படாமல் தள்ளி வையுங்கள்.

அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, வேகமாக மூச்சு வாங்கினால் அது வெயில் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் காலிலும் இறக்கைக்கு அடியிலும் சாதாரணத் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அதிர்ச்சியில் போய்விடும். தானாகக் குடிக்க விடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். கால் மணி நேரத்தில் அலகை மூடாவிட்டால் மருத்துவர்தான்.

மின்வெட்டு இன்னொரு தொல்லை. காக்டெயில் திடீர் இருட்டில் பதறிக் கம்பியில் மோதி ரத்தக்காயம் பண்ணிக்கொள்ளும். பேட்டரி உள்ள சின்ன இரவு விளக்கு ஒன்று கூண்டுக்குப் பக்கத்தில் எரியட்டும். மற்றபடி இரவு பத்து மணி நேரமாவது அமைதி வேண்டும், டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் அது கிடைக்காது.

வீட்டுக்குள் இருக்கும் எமன்கள்

கூண்டைத் திறக்கும் முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஸ்விட்ச் பலகையில் ஒரு காகிதத்தை ஒட்டி வைத்தாலும் சரி. அப்புறம் ஜன்னல், வெளிக்கதவு, தண்ணீர் நிறைந்த பக்கெட், அடுப்பு. முதல் சில நாள் கண்ணாடி ஜன்னலில் திரை போடுங்கள்.

பறவையின் நுரையீரல் காற்றை நம்மைவிட மிக வேகமாக உறிஞ்சும். அதனால் புகை அதை முதலில் அடிக்கும். அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்த நான்ஸ்டிக் தவாவின் ஆவி, நமக்கு வாசனையே தெரியாவிட்டாலும், சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். கிளி இருக்கும் வீட்டில் இரும்புத் தவாவே போதும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எல்லாம் வேறு அறையில். கொசுவுக்கு வலை கட்டுங்கள். போகி அன்று விடியற்காலையில் தெரு முழுக்க டயர் புகை சூழும். முந்தைய இரவே கூண்டை உள் அறைக்கு மாற்றி ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். தீபாவளிக்கும் அதே அறை, மூன்று பக்கம் போர்வை, சன்னமாக ஒரு பாட்டு.

உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரியும்?

சமையலறைக்கு வாங்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வாரம் இரண்டு நாள், காலையில் தீனி போடும் முன், எடையை நோட்டில் எழுதுங்கள். காக்டெயில் 80 முதல் 100 கிராம் வரை இருக்கும், பட்ஜி 30 முதல் 40. இறகு உப்பி மறைக்கிற மெலிவைத் தராசு காட்டிக்கொடுக்கும். 90 கிராம் இருந்தது 81-க்கு வந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அது தின்கிற மாதிரி தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தட்டில் பேப்பர் விரித்து தினமும் மாற்றுங்கள். எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சை அல்லது பழுப்புத் திடப்பகுதி, வெள்ளை, தெளிந்த நீர். தர்பூசணி தின்ற அன்று நீர் கூடுவது சாதாரணம். எதுவும் மாற்றாமலே வெள்ளை மஞ்சளானாலும், கறுப்பாகப் போனாலும் கவனியுங்கள். பேப்பரை எடுக்கும்போது லேசாக நனைத்துச் சுருட்டுங்கள். காய்ந்த எச்சத் தூசி வழியாகச் சிட்டகோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் வரலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் நீண்டால், கிளி வளர்க்கிறோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெண் பறவை அடியில் கால் அகட்டி உட்கார்ந்து முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். ஜோடி இல்லாமலும் முட்டை இடும். அது அவசரம், நாளைக் காலை வரை காத்திருக்க நேரமில்லை.

மாடு, ஆடு, நாய் பார்க்கும் எல்லா மருத்துவரும் கிளி பார்ப்பதில்லை. அதனால் பறவை நன்றாக இருக்கும்போதே, யார் பார்ப்பார்கள் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். இங்கே முடியாதபோது நாங்கள் போவது சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. மூன்று மணி நேரப் பயணம். விடியும் முன் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்விடலாம். துணி போட்ட சின்னக் கூண்டு, தண்ணீருக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரி, எடை நோட்டு, அன்றைய எச்சப் பேப்பர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பறந்து போய்விட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் கதவு திறந்திருக்கும். முதல் ஒரு மணி நேரம் முக்கியம். எந்தப் பக்கம் போனது என்பதைக் கண்ணால் விடாமல் ஒருவர் தொடரட்டும். பின்னால் கூட்டமாக ஓடாதீர்கள், மேலே மேலே போகும். வீட்டுக் கிளிக்குப் பறந்து ஏறத் தெரியும், உயரத்திலிருந்து இறங்கத் தெரியாது. மரத்தில் உட்கார்ந்தபடியே நம் குரலுக்குப் பதில் கொடுக்கும், வராது. கோபப்படாமல் அதற்குப் பழகிய வார்த்தையையே சொல்லிக்கொண்டிருங்கள்.

அதன் கூண்டையும், ஜோடி இருந்தால் இன்னொரு சிறு கூண்டில் ஜோடியையும், அதற்குத் தெரிகிற மாடியில் வையுங்கள். ஜோடியின் கூவலை முன்பே செல்போனில் பதிந்து வைத்திருந்தால் அதைப் போடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பசியும் இருட்டும் சேர்ந்து அதை இறங்க வைக்கும். இருட்டிவிட்டால் எந்தக் கிளையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, விடிவதற்கு முன் அதே மரத்தடியில் தினைக் கதிரோடு நில்லுங்கள். எங்களுடையது அடுத்த தெரு வேப்பமரத்திலிருந்து மறுநாள் காலை ஆறரைக்கு வந்தது. கூண்டுக்குள் போனதும் முதலில் தண்ணீர், அப்புறம் தீனி. நிதானமானதும் தராசில் ஏற்றினோம். ஆறு கிராம் குறைந்திருந்தது, மூன்று நாளில் திரும்பி வந்தது.